கண்ணாடி மண்டபம்: 63-இல் 51 ஒட்டியாகிவிட்டது

நான்கு மாதமாக என்னைப் படுத்திய என் குட்டி மாதிரி மண்டபத்தின் சுவர் நேற்று இரவு ஒருவழியாக நிமிர்ந்து நின்றது. இரண்டு வளைவுகள் முழுசாக முடிந்தன. மூன்றாவதில் 9 கண்ணாடித் துண்டு ஒட்டியாகிவிட்டது, 12 பாக்கி. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கமிருந்து டார்ச் அடித்தேன். வெளிச்சம் ஒரே பட்டையாகத் திரும்பாமல் துண்டு துண்டாகச் சிதறியது. இந்தச் சிதறலுக்காகத்தான் இத்தனை பாடு.

செய்வது பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம், 1:50 அளவில். நிஜ மண்டபத்தின் நீளம் 73 மீட்டர். அப்படியே இறக்கினால் ஒன்றரை மீட்டர் நீளப் பெட்டி வரும். அதை வீட்டில் வைத்தால் அப்புறம் எனக்கு இடமிருக்காது. அதனால் வெள்ளிச் சிம்மாசனம் போட்டிருந்த கோடியை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று வளைவுகளோடு நிறுத்திவிட்டேன். அகலம் 21 சென்டிமீட்டர், உயரம் கிட்டத்தட்ட 25. ஃபோம் போர்டு, தரை வேலையெல்லாம் வழக்கம்போலத்தான்.

கண்ணாடிக்கு வருகிறேன். நிஜ மண்டபத்தில் 17 வளைவுகள், வளைவுக்கு 21 துண்டு, ஆக 357. இந்தக் கணக்கை நான் முதலில் மதிக்கவே இல்லை. ஒரு மில்லிமீட்டர் அக்ரிலிக் கண்ணாடியை வளைவு வடிவில் வெட்டி, மேலே கோடு கீறினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஒட்டிப் பார்த்தால் முடிதிருத்தும் கடை மாதிரி இருந்தது. அப்புறம் ஆன்லைனில் கண்ணாடி ஸ்டிக்கர் தாள் வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது, வந்தது சாக்லேட் சுற்றும் தாள். திருப்பி அனுப்பவும் வழியில்லை.

ஏன் 21 துண்டு என்று அப்போதுதான் யோசித்தேன். 1678-இல் கட்டடக்கலைஞர் மான்சார் இந்த மண்டபத்தைத் தொடங்கியபோது கண்ணாடியை ஊதித்தான் செய்வார்கள். ஊதி, உருளையாக்கி, நெடுக வெட்டி, சூட்டில் விரித்துத் தட்டையாக்க வேண்டும். ஓரளவுக்கு மேல் பெரிய பலகை வராது. நாடே தன் சொல்லுக்கு அடங்க வேண்டும் என்று நினைத்த மன்னர் பதினான்காம் லூயிக்கும், கண்ணாடி ஊதுகிறவனின் மூச்சு எட்டிய அளவுதான் கிடைத்தது. அதுவும் லேசில் கிடைக்கவில்லை. நல்ல கண்ணாடி என்றால் வெனிஸுக்குப் பக்கத்து முரானோ தீவுதான். தொழில் தெரிந்தவர்கள் வெளியேறக் கூடாது என்று வெனிஸ் தடை போட்டிருந்தது. லூயியின் அமைச்சர் கோல்பேர் அங்கிருந்து சிலரை ஆசை காட்டி வரவழைத்து 1665-இல் அரசக் கண்ணாடித் தொழிற்சாலையை நிறுவினார். மண்டபத்துக்கு வந்தது அந்தச் சரக்கு.

என் முரானோ பாரிமுனையில் இருந்தது. ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் சாமான் விற்கிற சந்தில், சதுரக் கண்ணாடித் துண்டுகளைப் பொட்டலம் பொட்டலமாகத் தருகிறார்கள். இயந்திரத்தில் வெட்டியதை வாங்காதீர்கள், அது தட்டையாக இருக்கும். கையால் ஊதிய உருண்டையை உடைத்தெடுக்கும் பழைய ரகத்தைக் கேளுங்கள். தாளைப் போல மெல்லிசு, மயிரிழை உப்பல் இருக்கும். ஒட்டியதும் ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் வேறு பக்கம் பார்க்கும். நான் தேடியது அதேதான்.

சரி, பசை. சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடி மேல் பனி மாதிரி வெள்ளையாகப் படிந்து முதல் ஏழு துண்டு பாழ். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் பின்பக்கப் பூச்சையே அரித்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தது இரண்டு குழாய் எபாக்சிதான், ஊசி முனையளவு. பின்னால் உள்ள போர்டுக்கு முதலிலேயே கறுப்பு அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இடுக்குகளில் வெள்ளை பல்லிளிக்கும். மேல் வளைவில் வரும் துண்டுகளை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. வைர முனையால் கீறினால் மூன்றில் இரண்டு உடைகிறது. தண்ணீருக்குள் வைத்து எமரித் தாளில் தேய்த்துத் தேய்த்து வளைவு கொண்டுவருகிறேன். ஒரு துண்டுக்கு இருபது நிமிடம், விரல் நுனியில் ரேகையே இல்லை.

தூண்கள் பரவாயில்லை. நிஜத்தில் அவை ரான்ஸ் ஊர்ச் செம்மார்பிள். தூண் தலைப்பில் அரசவை ஓவியர் லெ ப்ரன் சூரியனையும் லில்லிப் பூவையும் இரண்டு சேவல்களையும் வைத்தார். 1:50-இல் சேவல் ஒரு மூக்கு மாதிரிதான் தெரிகிறது. மேலே தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஒட்டும் தங்க ரேக்கு. தங்கப் பெயின்ட் அதன் கால்தூசுக்குக்கூடப் பெறாது.

சுவர் முடியாமலே பொம்மைகளுக்குத் தாவிவிட்டேன். காட்சி 1685 மே 15. முந்தைய ஆண்டு இத்தாலியின் ஜெனோவா நகரத்தைப் பிரெஞ்சுக் கடற்படை குண்டு போட்டு நொறுக்கியது. அதன்பின் அந்நகரத் தலைவரான டோஜேயே நேரில் வந்து பணிய வேண்டும் என்று லூயி பிடிவாதம் பிடித்தார். பதவியிலிருக்கும் டோஜே ஊரை விட்டு நகரக் கூடாது என்பது ஜெனோவாவின் சட்டம். அதையும் மீறி நான்கு செனட்டர்களோடு இந்த மண்டபத்துக்கு வந்தார். இங்கே உங்களை மிகவும் வியக்க வைத்தது எது என்று கேட்டபோது, நான் இங்கே இருப்பதுதான் என்றாராம். அந்த முகத்தை 3 சென்டிமீட்டர் பொம்மையில் எப்படிக் கொண்டுவருவது? மூன்று தலை மாற்றிவிட்டேன். அரசவையினரின் காலணிக் குதிகால் சிவப்புக்கு மூன்று பூஜ்ய (000) எண் மெல்லிய தூரிகை போதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே புள்ளி.

சிம்மாசனம்தான் தலைவலி. வெள்ளிச் சாமான்கள் எல்லாவற்றையும் 1689-இல் போர்ச் செலவுக்காக லூயியே உருக்கிவிட்டார். பழைய ஓவியங்களைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் செய்கிறேன்.

இது முடிந்ததும் லூயியின் படுக்கையறை. 1701-இல் அதை அரண்மனையின் நட்டநடுவில், கிழக்குப் பார்த்து அமைத்துக்கொண்டார். எழுவதும் படுப்பதும் சபைச் சடங்கு. இரவில் மெழுகுவர்த்தித் தண்டைப் பிடிக்கக் கிடைப்பதே பெரிய கௌரவம். அவருக்கு 12 வயதாக இருந்தபோது, 1651 பிப்ரவரியில், ராஜா தப்பிவிட்டானோ என்று சந்தேகப்பட்ட பாரிஸ் மக்கள் அங்கிருந்த அரண்மனையின் படுக்கையறைக்குள்ளேயே வரிசையாக வந்து எட்டிப் பார்த்தார்கள். பையன் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக் கிடந்தானாம். அந்த இரண்டு அறைகளையும் ஒரே பெட்டியில் மேலும் கீழுமாக வைக்கலாமா என்று ஒரு ஆசை. சீமாட்டிகளுக்கான குட்டி முக்காலிகளைக்கூடச் செதுக்கி வைத்துவிட்டேன். ராஜா ராணி முன்னால் உட்காரும் உரிமை பெற்ற டச்சஸ்கள் அதற்காக அடித்துக்கொண்டார்கள், கணக்குப் பார்த்தே வைக்க வேண்டும்.

சரவிளக்குக்கு ரிச்சி தெருவில் அரிசி மணி எல்ஈடி பார்த்து வைத்திருக்கிறேன், மஞ்சள் வெளிச்சம். ஆனால் அதற்குமுன் அந்த 12. நல்ல துண்டாகக் கையில் இருப்பது 8. இன்று காலை தேய்த்ததில் இன்னொன்று போயிற்று, ஆக 7. சனிக்கிழமை மறுபடியும் பாரிமுனை.