அடுப்படி ஜன்னலும் ஒரு பழைய வேட்டியும்

போன வாரம் மதியம் மூன்று மணி இருக்கும். முறத்தில் உளுந்தைப் பரப்பி கல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "லைட்டைப் போடுப்பா, ஒண்ணும் தெரியல" என்றார். வெளியே வெயில் கொளுத்துகிறது. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், அந்தத் தூசிக்குப் பயந்து அடுப்படி ஜன்னலை மாதக்கணக்கில் மூடியே வைத்திருந்தோம். கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தேன். விரல் போன தடத்தில் மட்டும் வெயில் பளிச்சென்று உள்ளே விழுந்தது, விரல் நுனியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு. அம்மா கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, கண்ணாடிதான் மங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அன்றைக்கே ஆரம்பித்து மூன்று நாளில் வீட்டு ஜன்னல்களை உள்பக்கமாகத் துடைத்தேன்.

வெளிப்பக்கத்தை மழையாவது கொஞ்சம் கழுவிவிட்டுப் போகும். உள்பக்கத்துக்கு நம் கையை விட்டால் கதி இல்லை, அங்கே படிகிற அழுக்கும் பெரும்பாலும் நம்முடையதுதான். தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை கண்ணாடியில் படிகிறது, அதன் மேல் தூசி ஒட்டுகிறது, மறுநாள் அப்பளம் பொரித்தால் அதன் மேல் இன்னொரு படலம். சாமி அலமாரிக்குப் பக்கத்து ஜன்னலில் கற்பூரக் கரி. இதன் மேல் ஈரத்துணியைப் போட்டு எடுத்தவுடன் தேய்த்தால் அழுக்கு போகாது, கண்ணாடி முழுக்க இழுபடும்.

அதனால் முதலில் தண்ணீரே கூடாது. ஒட்டடை அடித்து, கம்பிகளை ஒவ்வொன்றாக உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் வேலை சீக்கிரம் முடியும். குறுக்குக் கம்பியின் மேல்பக்கத்தில்தான் தூசி அதிகம், அதைப் பலரும் விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு மூலையில் காய்ந்துபோன குளவிக்கூடும் இருந்தது, ஸ்பூன் காம்பால் நெம்பியதும் மண்ணாக உதிர்ந்தது. இந்த மண்ணைச் சட்டத்தின் இடுக்கிலிருந்து பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட வேண்டும். மணல் கண்ணாடியை விடக் கடினம், துணியோடு சேர்ந்து தேய்ந்தால் கீறல் விழும், விழுந்த கீறல் போகவே போகாது. கொசுவலை வெல்க்ரோவில் ஒட்டியது என்றால் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள், ஜன்னலிலேயே வைத்துத் தட்டினால் அத்தனை தூசியும் கண்ணாடிக்கு வந்துவிடும்.

அப்புறம் பிசுக்கு. அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் நாலைந்து சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். சோப்பு அதிகமானால் அதுவே கோடு கோடாகக் காய்ந்து நிற்கும். துணியை நனைத்துப் பிழிந்து கண்ணாடியில் அப்படியே ஐந்து நிமிடம் ஒட்டி வைத்தால் பிசுக்கு இளகிவிடும், பிறகு அழுத்தவே தேவையில்லை. வாஷிங் சோடா போட்டால் இன்னும் சீக்கிரம் போகும்தான், ஆனால் அலுமினியச் சட்டத்தில் பட்டால் கறுத்துவிடும், நான் போடவில்லை.

துணி விஷயத்தில் எனக்கு அப்பாவின் பழைய பருத்தி வேட்டிதான். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி நூல் உதிர்க்காது, தண்ணீரை நன்றாக இழுக்கும். புது டவல் பஞ்சு பஞ்சாக விட்டுவிட்டுப் போகும். அப்பா செய்தித்தாளைக் கசக்கித் துடைப்பார், கடைசியில் பளபளப்பு ஏற்ற இன்றைக்கும் அது நல்ல வழிதான், வெள்ளை பெயின்ட் அடித்த சட்டத்தில் மட்டும் மை ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் நேராக விழும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம், துடைக்கும் முன்பே தண்ணீர் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். இன்னொன்று, உள்பக்கத்தைப் பக்கவாட்டிலும் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் துடைத்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் எந்தப் பக்கம் என்று உடனே பிடிபடும்.

எண்ணெயை விட என்னைப் படுத்தியது பாத்ரூம் ஜன்னல். எங்களுக்கு போர் தண்ணீர், உப்பு அதிகம். கண்ணாடியில் தெறித்த துளி காயும்போது தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு தங்கிவிடும். வருடக்கணக்கில் சேர்ந்து வெள்ளை வெள்ளையாக இறுகியிருந்தது, சோப்புக்கு அசையவே இல்லை. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து, கண்ணாடி மேல் பத்து நிமிடம் ஒட்டி வைத்தேன். காது கொடுத்துக் கேட்டால் சின்னதாக நுரைக்கும் சத்தம் வரும், அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிற சத்தம் அது. இரண்டு தடவை செய்ததும் கண்ணாடி தெளிந்தது.

ஆனால் ஒரு தவறு நடந்துவிட்டது. துணியிலிருந்து வடிந்த வினிகர் கீழே ஜன்னல் விளிம்பில் தேங்கியதை நான் கவனிக்கவில்லை. அது கடப்பா கல். கடப்பாவும் சுண்ணாம்புக்கல் வகைதான், கறுப்பாகப் பளபளவென்று இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் மங்கல் விழுந்துவிட்டது, தேங்காய் எண்ணெய் தடவியும் முழுசாக மறையவில்லை. கடப்பா, மார்பிள் எது இருந்தாலும் முதலில் பிளாஸ்டிக் விரித்துவிட்டுத்தான் வினிகர் பாட்டிலைத் திறக்க வேண்டும். பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அன்றைக்கு வினிகர் பக்கமே போகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சையே அடைத்துவிடும்.

ஹால் ஜன்னல் ஸ்லைடிங். அதன் ட்ராக்கை இத்தனை வருடம் மேலோட்டமாகத்தான் துடைத்திருக்கிறோம். ட்ராக்கின் அடியில், வெளிப்பக்கமாக, மழைத் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். தூசியும் பல்லி எச்சமும் செத்த ஈசலும் சேர்ந்து எங்கள் வீட்டில் எல்லாமே அடைத்துக் கிடந்தன. போன ஐப்பசி மழைக்கு சோபா நனைந்தபோது ஜன்னலே சரியில்லை என்று நினைத்தோம். பழைய டூத் பிரஷ்ஷாலும் ஒரு ஈர்க்குச்சியாலும் குத்திக் குத்தி எடுத்தேன். பிறகு அம்மா ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ட்ராக்கில் ஊற்ற, நான் பால்கனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கறுப்பாக வந்தது, அப்புறம் கலங்கலாக, மூன்றாவது டம்ளருக்குத் தெளிவாக வடிந்தது.