கனவு கண்டவனைச் சாரத்தில் ஏற்றுவதா?

"இன்னிக்கு நான் மேல ஏறலை. ராத்திரி கனவுல அந்தச் சன்னல் கல்லு என் மேல விழுந்துச்சு." நாங்கள் பழுதுபார்க்கும் பழைய மடத்துச் சுவரில் வேலை செய்யும் கொத்தனார்ப் பையன் இப்படிச் சொன்னதும், கீழே கலவையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பேச்சு அவ்வளவுதான். அப்படி விட்டிருக்கலாமா என்பதில்தான் மனது இன்னும் ஒரு பக்கம் நிற்கவில்லை.

கனவு எங்கிருந்து வந்தது என்பதில் மர்மமில்லை. பாழடைந்த மடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு நெட்லி கதை பழகிய கதை. பாதுகாப்பு வகுப்பில் அதைச் சொல்லாமல் விடுவதும் இல்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்டனுக்கு அருகே 1239இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கப் பிரிவின் துறவிகள் குடியேறிய மடம் அது. 1536இல் அரசர் எட்டாம் ஹென்றி மூடினார். அவருடைய அவையின் பெரிய அதிகாரி வில்லியம் பாலெட் அதை மாளிகையாக மாற்றிக்கொண்டார். 1704 வாக்கில், தேவாலயப் பகுதியைக் கல்லுக்காக உடைத்தெடுக்க வால்டர் டெய்லர் என்ற ஒப்பந்தக்காரர் பேசி முடித்தார். வளைவின் கல் பெயர்ந்து தன்னைக் கொல்வதாக அவருக்குக் கனவு வந்ததாம். கேட்டவர்கள் தடுத்தும் வேலையைத் தொடங்கினார். பெரிய சன்னலின் கல்பின்னல், அதாவது சன்னலுக்குள் செதுக்கிய கல் துண்டுகளைக் கோத்த சட்டம், சரிந்து அவர் தலையில் விழுந்தது. அந்தக் காயத்தோடு பிழைத்திருப்பார், வைத்தியரின் கருவிதான் உயிரைக் குடித்தது என்றும் கதைக்கு ஒரு வடிவம் உண்டு. இடிக்கும் வேலை அதோடு நின்றது.

மற்றப் பேய்க்கதைகளைக் கலைப்பது எளிது. கன்னியாஸ்திரியை உயிரோடு வைத்துக் கட்டிய சுவர் என்று காட்டுவார்கள். பார்த்தால் பிற்காலத்தில் அடைத்த கதவாக இருக்கும். ரகசியச் சுரங்கம் என்பது பெரும்பாலும் மடத்தின் கழிவுநீர்க் கால்வாய். நள்ளிரவு அலறல் கூகை போடுவது. இங்கிலாந்தில் பேய் வீடென்று பேர்பெற்ற போர்லி பாதிரியார் இல்லத்தில் உலவியதாகச் சொன்ன கன்னியாஸ்திரிக்கும் துறவிக்கும் ஒரு மடமே தேவைப்பட்டது. அங்கே அப்படியொரு மடம் இருந்ததற்குச் சான்றில்லை. நெட்லியில் மடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், விழுந்த கல்லும் இருக்கிறது. கனவை எடுத்துவிட்டாலும் மிச்சம் ஒரு வேலையிட விபத்து.

அது ஏன் நடந்திருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர் எவரும் சொல்வார். சன்னல் கல்பின்னலில் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அடியில் ஒன்றை நெம்பினால் மேலே இருப்பவை எந்த நேரமும் இறங்கலாம். பிரிப்பதென்றால் முதலில் வளைவுக்குக் கீழே அதைத் தாங்கும் மரச் சட்டமான சென்டரிங் கொடுத்து ஆப்பு இறுக்க வேண்டும். சாரம் சுவரில் சாயாமல் தன் காலில் நிற்க வேண்டும். கட்டிய வரிசைக்கு நேர் எதிராக, மேலிருந்து கீழே, ஒரு நேரத்தில் ஒரு கல். ஒரு கன அடிச் சுண்ணாம்புக்கல்லே 60 கிலோ வாக்கில் வரும். அதைக் கையில் ஏந்த நினைப்பவன் வால்டர் டெய்லருக்கு வாரிசு. உள்ளே பழைய இரும்புப் பிடிகள் இருந்தால் இன்னும் மோசம். துரு பல மடங்கு பருத்து, வெளியே முழுசாகத் தெரியும் கல்லை உள்ளிருந்தே பிளந்து வைத்திருக்கும்.

அதனால்தான் அன்று காலை அந்தச் சுவரை மறுபடி தட்டிப் பார்த்தோம். மரச் சுத்தியால் தட்டினால் நல்ல கல் கணீரென்கும். பிடிப்பு விட்டது மந்தமாகக் கேட்கும். அசைவைக் காட்டக் கண்ணாடி அளவுகோல் ஒட்டிய விரிசல்களில் அசைவில்லை. பையன் கைகாட்டிய கல் கணீரென்றது. இரண்டு மீட்டர் தள்ளி ஒன்று மந்தமாகக் கேட்டது.

இதை வைத்துக் கனவு பலித்தது என்று மதிய உணவுக்குள் சாரம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. 700 ஆண்டுச் சுவரில் எங்கே தட்டினாலும் நாலு கல் மந்தமாகத்தான் கேட்கும். சிமென்ட் வைத்துப் பழுதுபார்த்த இடமென்றால் கேட்கவே வேண்டாம். நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உறைபனியில் விரிந்து, கல்லின் முகத்தைத் தள்ளிவிடும். கனவு வந்து எதுவும் விழாத காலைகளை யார் கதையாகச் சொல்லப் போகிறார்கள்?

ஆனால் இன்னொன்றும் உண்டு. பயந்த கை உயரத்தில் தவறும். அதற்குப் பேயை நம்ப வேண்டியதில்லை. அன்று அவனை ஏற்றியிருந்தால் நான் கண்காணித்திருப்பது அவனையா, கல்லையா? கீழேயும் வேலை கிடந்தது. ஒரு பங்கு நீரியல் சுண்ணாம்புக்கு (தண்ணீரோடு சேர்ந்து இறுகும் வகை) மூன்று பங்கு மணல், தண்ணீரைச் சிக்கனமாக விட்டுப் பிசைய வேண்டும். பூசிய இடத்தை ஈரச் சாக்கால் மூட வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். பையன் அதைச் சுத்தமாகவே செய்தான்.

பதிவேட்டில் 'சுவரின் மேற்பகுதி மறுசோதனை' என்றுதான் எழுதினேன். அது பொய்யில்லை. முழுக் காரணமும் இல்லை. கனவு என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். எழுதாவிட்டால், சுவரைப் பற்றி யாருக்கோ ஏதோ தெரிந்திருந்ததென்று பிறகு படிப்பவர் நினைப்பார். இரண்டில் எது கெடுதல்?

வகுப்பில் கனவை விட்டுவிட்டு வெறும் கல்பின்னலைச் சொன்னால் போதுமே என்று கேட்கலாம். சொல்லிப் பார்த்தாயிற்று, ஒருவர் காதிலும் ஏறுவதில்லை. கனவோடு சொன்னால் சென்டரிங் வரை கேட்கிறார்கள். கூடவே, துறவிகளின் சாபம்தான் நெட்லியைக் காத்தது என்பதையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 1760களில் அதே தேவாலயத்தின் வடக்குச் சிறகை அப்படியே பெயர்த்து, கிரான்பரி பார்க் என்ற மாளிகையில் தோட்ட அலங்காரமாக நிறுத்தினார்கள் என்பதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. சாபம் அந்தக் கற்களை ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் பையன் தானாகவே ஏறினான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், கனவு எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதற்கும் ஒரு விதிமுறை எழுத வேண்டியிருந்திருக்கும்.