ஒரே ரகம், இரண்டு தகடு

ஜூன் 3, கஞ்சிக்கோடு

உலைத் தட்டுகள் மறுபடியும் தொய்ந்துவிட்டன. சென்ற ஆண்டு செய்தவை இன்னும் மட்டமாக நிற்கின்றன. அதே 441 ரகத் துருப்பிடிக்காத எஃகில் ஏப்ரலில் செய்தவை மட்டும் தூளி கட்டியதுபோல் நடுவில் இறங்கியிருக்கின்றன. தகடுகளோடு வந்த இரண்டு சான்றிதழ்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். குரோமியம், நையோபியம், டைட்டானியம் எல்லாம் ஒத்துப்போகின்றன. கடைசியாக எந்த வெப்பத்தில் அனீலிங் (சுட்டு ஆற்றும் பதப்படுத்தல்) செய்தார்கள் என்பது மட்டும் இரண்டிலும் இல்லை.

ஜூன் 4

"கடினமான தகடாக வாங்குங்கள் தம்பி, வளையாது" என்றார் மேஸ்திரி அண்ணன். அறை வெப்பத்தில் அவர் சொல்வது முழுக்கச் சரி. 850 டிகிரியில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. குளிர் உருட்டலில், அதாவது சூடாக்காமல் உருட்டி மெலிதாக்கும்போது, ஏறிய கடினம் அங்கே நிற்பதில்லை. உலோகத்தின் மணிகள், அதாவது அது உருவான சிறு படிகங்கள், பொடியாக இருந்தால் மணி எல்லைகள் அதிகம். அணுக்கள் வேகமாக நகரும் வழியே அந்த எல்லைகள்தான். 441-இன் ஃபெரைட் படிக அமைப்பில் அணு நெருக்கமும், எஃகின் இன்னொரு படிக அமைப்பான ஆஸ்டினைட்டைவிடக் குறைவு. தகடு தன் எடையிலேயே மெல்ல ஊர்ந்துவிடும்.

ஏப்ரல் தகட்டில் ஒரு மி.மீ. கனத்தில் இரண்டு பட்டைகள் வெட்டினேன். ஒன்றை வந்தபடியே வைத்துக்கொண்டேன். மற்றதை 1050 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, இந்த எஃகை முறுகலாக்கும் 475 டிகிரிப் பக்கம் தங்கவிடாமல் விசிறிக் காற்றில் ஆற்றினேன். காலை பத்து மணிக்கு இரண்டையும் தீச்செங்கற்களின் மேல் பாலம்போல் கிடத்தி உலையை மூடினோம்.

ஜூன் 8

மதியம் இரண்டு மணி. நூறு மணி நேரம். வெளியே வாளையாற்று மழை. நல்லவேளை, மின்சாரம் ஒருமுறைகூடப் போகவில்லை. வந்தபடியே வைத்த பட்டை 11 மி.மீ. இறங்கியிருந்தது, சுட்டது 4. அண்ணன் வெர்னியர் அளவுகோலை வாங்கித் தாமே மறுபடி அளந்தார்.

மாலையில் கல்லூரி ஆய்வக நுண்ணோக்கியில், சோதனைக்கு முன் எடுத்துவைத்த துண்டுகளைப் பார்த்தோம். வந்தபடியே இருந்ததில் மணிகள் வெள்ளை ரவை. சுட்டதில் உடைத்த கோதுமை. கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடந்திருக்கும்: துகள்களாகப் பிரிந்து கிடந்த நையோபியம் 1050 டிகிரியில் இரும்புக்குள் கரைந்து, ஊர்வுக்குத் தடையாக நின்றிருக்கும்.

ஜூன் 10

பெரிய மணிக்கு ஒரு விலை உண்டு. குளிர்ந்த நிலையில் தகடு முறுகலாகிவிடும். ஓரம் மடிக்கும்போது விரிசல் விடும். அதனால் முதலில் மடிப்பு, பிறகு சூடு. அண்ணன் புதிய தகட்டின் மேல் சாக்பீஸால் பெரிதாக எழுதினார்: "மடித்த பின் 1050".