வடக்குப் பாலம் நின்றுவிட்டது: 1775 கான்கார்ட் மாடல், ஆறாவது வாரம்

நேற்று ராத்திரி கடைசிக் கைப்பிடியையும் ஒட்டிவிட்டேன். ஆறு வாரமாக ஐஸ் குச்சிகளைச் சீவிச் சீவிச் செய்த பாலம் இப்போது தன் காலில் நிற்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: 1775 ஏப்ரல் 19 காலை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கான்கார்ட் ஊருக்கு வெளியே பிரிட்டிஷ் படைக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடந்த மோதலை (அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய நாள்) 1/72 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். அன்று விடியும்போதே லெக்ஸிங்டன் திடலில் ஊர்க்காவல் படைத் தலைவர் கேப்டன் ஜான் பார்க்கரின் ஆட்கள் 8 பேர் செத்துப்போனார்கள். அங்கே முதல் குண்டைச் சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. எண்பது பேர்கூட இல்லாத அந்தக் கூட்டம் கலையத் தொடங்கியபோது சூடு விழுந்தது. அதைச் சண்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர்க்காரர்கள் அணியாக வந்து, உத்தரவு கேட்டு, பிரிட்டிஷ் அரசரின் படையைத் திருப்பிச் சுட்டது சில மணி நேரம் கழித்து இந்தப் பாலத்தில்தான்.

சிவப்புக் கோட்டுக்காரர்களில், அதாவது பிரிட்டிஷ் சிப்பாய் பொம்மைகளில், ஒரு தப்பு நடந்தது. பன்னிரண்டு பேருக்கு மூன்று முனைத் தொப்பியோடு பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், பாலத்தில் நின்றவை லைட் இன்ஃபன்ட்ரி (இலகு காலாட்படை) கம்பெனிகள். அவர்களுக்குக் குட்டைக் கோட்டு, தோல் குல்லாய். எல்லாத் தொப்பியையும் பிளேடால் அறுத்துவிட்டு, எபாக்ஸி புட்டியில் குல்லாய் பிடித்தேன். கோட்டின் மடிப்பு நிறம் மாறக் கூடாது: 4வது ரெஜிமெண்டுக்கு நீலம், 10வதுக்கு மஞ்சள், 43வதுக்கு வெள்ளை.

அப்புறம் தூரம். இரண்டு தரப்புக்கும் நடுவே ஆறு, மொத்தம் சுமார் 50 கஜம்தான். பலகையில் அது 63 சென்டிமீட்டர். நூல் பிடித்து அளந்து பொம்மைகளை நிறுத்திப் பார்த்ததும்தான் எவ்வளவு கிட்டே நின்றிருக்கிறார்கள் என்று உறைத்தது. எதிரே நிற்பவன் முகம் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் புரிந்தது. பாலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் வால்டர் லாரி தன் ஆட்களைத் தெருச் சண்டைக்கான வரிசையில், பாலத்து முனையில் ஒருவர் பின் ஒருவராக நெருக்கி நிறுத்தினார். ஏறக்குறைய 95 பேர் இருந்தும், என் பலகையில் முன்வரிசையைத் தவிர யாருக்கும் சுட வழி இல்லை. எதிர்க்கரையில் பாதை ஆற்றோரமாக வளைகிறது. அதில் நீளமாக நின்ற ஊர்க்காரர்கள் பலருக்கு நேர்ப் பார்வை கிடைக்கிறது. பாலத்தில் இருந்த எட்டு பிரிட்டிஷ் அதிகாரிகளில் நான்கு பேர் காயம்பட்டது ஏன் என்று பொம்மைகளே காட்டிவிட்டன.

நான் பிடித்து நிறுத்தும் கணம் சூட்டுக்குச் சற்று முந்தியது. சிப்பாய்கள் பாலத்துப் பலகைகளைப் பெயர்க்கிறார்கள், ஊர்க்காரர்களின் மேஜர் ஜான் பட்ரிக் நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார். அதனால் நாலு பலகையை ஒட்டாமல் கரையில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆணி இருந்த இடத்தில் ஊசியால் துளையிட்டு, துளையைச் சுற்றித் துருநிறம் தொட்டேன். இரண்டு துளை பிளந்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன். அவசரமாகப் பிடுங்கிய மரம் அப்படித்தான் இருக்கும்.

ஊர்க்காரர்களில் முன்னால் வருவது ஆக்டன் ஊர்க் கம்பெனி. அதன் கேப்டன் ஐசக் டேவிஸ் துப்பாக்கி செய்யும் கொல்லர், 30 வயது. அவர் ஆட்களிடம் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) இருந்ததால்தான் அவர்களுக்கு முன்வரிசை. முதல் சூட்டிலேயே அவர் இறந்துவிட்டார். அவரைப் படுத்த நிலையில் வைக்க எனக்குக் கை வரவில்லை. நின்று நடக்கட்டும்.

புகைதான் பாக்கி. ஊருக்குள் சிப்பாய்கள் பீரங்கி வண்டிகளை எரித்தார்கள். மேட்டில் இருந்து பார்த்த ஊர்க்காரர்கள் ஊரே எரிகிறது என்று நினைத்துத்தான் இறங்கி வந்தார்கள். அந்தப் புகை இல்லாமல் இந்தக் காட்சிக்கு அர்த்தமே கிடையாது. ஆனால் 1/72 அளவில் ஒரு மைல் என்றால் 22 மீட்டருக்கு மேல், ஊரைப் பலகைக்குள் கொண்டுவர முடியாது. பின்னட்டையில் மரங்களுக்கு மேலே சாம்பல் நிறத்தில் வரைந்து, பஞ்சைப் பிய்த்து மேலே லேசாக ஒட்டிப் பார்க்கிறேன். முதல் முயற்சி மேகம் மாதிரி இருந்தது, பிய்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி.