காட்ஸ்வோல்ட்ஸில் சைக்கிள்: ஊரெல்லாம் பள்ளத்தில், பாதையெல்லாம் மேட்டில்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸை "மென்மையான குன்றுகள்" என்று எழுதுகிற சுற்றுலாக் கையேட்டுக்காரர்களை ஒரே ஒருமுறை 39/25 கியரில் (முன்னால் 39 பல், பின்னால் 25) இங்குள்ள டோவர்ஸ் ஹில் ஏறச் சொல்ல வேண்டும். அடுத்த பதிப்பில் அந்த வரி இருக்காது. இந்தப் பகுதியிலேயே உயரமான கிளீவ் ஹில் வெறும் 330 மீட்டர்தான். எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஊர்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்தால் சிரிப்பு போய்விடும்.

ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் இது. ஒரு ஓரத்தைத் தூக்கிவைத்த பலகை மாதிரி சாய்ந்திருக்கிறது. மேற்கு, வடமேற்கு ஓரம் செங்குத்து. தென்கிழக்கே மெல்லச் சரிந்து தேம்ஸ் பக்கம் போகிறது. சுண்ணாம்புக்கல் மழையை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் களிமண் தட்டும் இடத்தில்தான் ஊற்றாகக் கசியும். தண்ணீர் கிடைத்த இடத்தில் ஊரும் மாவாலையும் வந்தன. அதனால் அழகான ஊர் என்றாலே பெரும்பாலும் பள்ளம். இறங்கிப் போய்ப் படம் எடுத்தால், வட்டியும் முதலுமாக ஏறித்தான் வெளியே வர வேண்டும்.

லண்டன் பாடிங்டனிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம் சொச்சம். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் வண்டிக்கு வண்டி இடம் சொற்பம். டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளுக்கும் இடம் பதிந்துவிடுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டும் குறுகலான அலமாரி அது. அகல ஹேண்டில்பார் இடிக்கும். பின்னால் கட்டிய பெரிய பையைக் கழற்றாமல் நுழையாது. தங்குவதென்றால் மேட்டு ஊர்களில் வாடகை கொள்ளை. அதே ரயில் பாதையில் கீழே சமவெளியில் இருக்கும் ஈவ்ஷம் பக்கம் தேடினால் பர்ஸ் பிழைக்கும்.

வாடகை சைக்கிள் எடுப்பவர்கள் வண்டியின் விலையைக் கேட்காமல் பின்னால் பெரிய பல்சக்கரம் எத்தனை பல் என்று கேளுங்கள். முன்னால் 50/34 (பெரியது 50 பல், சின்னது 34), பின்னால் 34 பல் வரை இருந்தால், இரண்டிலும் 34 போட்டு ஏறும்போது ஒரு மிதிச்சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று, ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வண்டியும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 10 சதவீத ஏற்றத்தில் ஈர்ப்பை வெல்ல மட்டும் 175 வாட் வேண்டும். பின்னால் 28 பல்தான் என்றால் அதே மிதிக்கு 210 வாட்டைத் தாண்டும். அந்த 35 வாட் வித்தியாசத்தில்தான் பாதிப்பேர் இறங்கித் தள்ளுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருகிறவர்களுக்கு இன்னொன்று: இங்கே வலது கைப்பிடிதான் முன் பிரேக். இந்தியாவில் ஓட்டிப் பழகியவர்களுக்குக் குழப்பம் இராது. இடப்பக்கம் ஓட்டுவதும் நம் வழக்கம்தான்.

மோர்ட்டனில் தொடங்கி அங்கேயே முடியும் நம் வட்டம் 60 கி.மீ. சொச்சம், மொத்த ஏற்றம் 700 மீட்டருக்கு மேல். மோர்ட்டனிலிருந்து ஸ்டோவுக்கு நேராகப் போகும் ஏ429 ரோமானியர் போட்ட ஃபாஸ் வே. நேரான சாலை, பறக்கும் கார்கள், அதில் ஏறாதீர்கள். கிழக்கே ஈவன்லோட், பிராட்வெல் ஊர்கள் வழியாகச் சின்னப் பாதை இருக்கிறது. ஸ்டோ-ஆன்-தி-வோல்ட் மட்டும் விதிவிலக்கு: பள்ளத்தில் இல்லாமல் உச்சியில், 240 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. காற்றுக்கு ஒளிய இடமில்லை. ஆட்டுச் சந்தைக்காக விரிந்த சதுக்கம், தேவாலயத்தின் வடக்கு வாசலுக்கு இருபுறமும் தூண்போல வளர்ந்த இரண்டு யூ மரங்கள். பார்த்துவிட்டு, சூப்பர்மார்க்கெட்டில் சாண்ட்விச் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த 30 கி.மீ.க்கு, பிராட்வே வரை, கடையை நம்பக் கூடாது. பப் சமையலறைகளும் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும். அதற்குப் பிறகு போனால் சிப்ஸ் பொட்டலம்தான்.

லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர் என்ற பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். வெட்டுக்குத்து எதுவும் இல்லை, பழைய ஆங்கிலத்தில் சேற்று நிலம் என்று பொருள். உண்மையில் அப்பர் ஸ்லாட்டரிலிருந்து இரண்டு உலகப் போர்களுக்கும் போன எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள்; இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஊர்கள் மிகச் சில. பக்கத்திலேயே போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர் என்று பலகை இழுக்கும். கோடையில் அங்கே ஆற்றை விடச் சுற்றுலாப் பேருந்துகள் அதிகம். விட்டுவிடலாம்.

நான்டன், கைட்டிங் பவர், கைன்டன் வரை ஒரே மாதிரி: இறக்கம், ஓடை, தேன் நிறக் கல்வீடுகள், மறுபடி ஏற்றம். தேன் நிறம் கல்லிலுள்ள இரும்பால் வருவது. ஒரு கார் அகலப் பாதைகள், இருபுறமும் புதர்வேலி அல்லது சாந்து வைக்காமல் அடுக்கிய கல்சுவர். பஞ்சர் இங்கேதான். பறவைகள் கூடு கட்டும் காலம் என்று மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் வேலி வெட்டத் தடை. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் ஒரேயடியாக வெட்டித் தள்ளுவார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் முள் பாதையெங்கும் சிதறும். டியூப் மாற்றும்போது டயரின் உட்புறத்தை விரலால் சுற்றித் தடவி, முள்நுனியை எடுத்துவிட்டுப் புது டியூப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கி.மீ.க்குள் அடுத்த பஞ்சர். இலையுதிர்காலத்தில் இரண்டு டியூப், ஒட்டும் பேட்ச், கைப்பம்பு மூன்றும் வேண்டும். 28 மி.மீ. டயருக்குப் பின்னால் 75 பிஎஸ்ஐ, முன்னால் 70 போதும். கல்லுப்போல அடித்தால் நடுப்பாதைச் சரளையில் வழுக்கும்.

ஸ்னோஸ்ஹில்லில் நேரம் செலவழிக்கலாம். சார்லஸ் வேட் என்பவர் சேர்த்த ஆயிரக்கணக்கான பொருள்கள் நிறைந்த மாளிகையை, பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் 1951 முதல் பராமரிக்கிறது. சாமுராய்க் கவசங்களும் உண்டு, காற்று டயர் பிறப்பதற்கு முந்தைய சைக்கிள்களும் உண்டு. அதைப் பார்த்த பிறகு நம் சீட்டைக் குறை சொல்ல வாய் வராது. அருகிலுள்ள பிராட்வே டவர் 1790களின் இறுதியில் ஜேம்ஸ் வையாட் வடிவமைப்பில் கட்டிய அலங்காரக் கோபுரம். அது நிற்கும் குன்று 312 மீட்டர். உள்ளே ஏறக் கேட்கும் காசு அதிகம். கீழே நின்றாலே சமவெளி முழுக்கத் தெரிகிறது, அது இலவசம்.

ஸ்னோஸ்ஹில்லிலிருந்து பிராட்வேக்கு இறங்கும்போது அவசரம் கூடாது. வளைவுக்கு அப்பால் டிராக்டரோ குதிரையோ நிற்கலாம். ரிம் பிரேக் வண்டி நனைந்திருந்தால், கட்டை முதலில் ரிம்மிலுள்ள நீரைத் துடைத்த பிறகே பிடிக்கும். அதற்குள் பத்து மீட்டர் போயிருப்பீர்கள். வளைவுக்கு முன்பே லேசாக அழுத்தித் துடைத்துவைத்துக்கொள்ளுங்கள். பிராட்வேயில் கிரீம் டீ (தேநீரோடு கிரீம், ஜாம் தடவிய ஸ்கோன் என்ற சின்ன கேக் ரொட்டி) அருமை, விலையும் அப்படியே. ஸ்கோன் பெரிதாக இருக்கும், இருவர் பகிரலாம். அந்தக் காலத்தில் ஃபிஷ் ஹில் ஏறுவதற்கு முன் கோச்சு வண்டிகளுக்கு இங்கே கூடுதல் குதிரை பூட்டுவார்களாம். நமக்கு ஸ்கோன்தான் குதிரை.

ஃபிஷ் ஹில் இப்போது லாரிகள் ஓடும் ஏ44, வேண்டாம். வில்லர்ஸி வழியாக வெஸ்டன்-சப்-எட்ஜ் போய் டோவர்ஸ் ஹில் ஏறுங்கள். ஒன்றரை கி.மீ. சொச்சத்தில் 130, 140 மீட்டர், சராசரி 9 சதவீதம். அடிவாரம் ஏமாற்றும், அங்கே வேகம் காட்டினால் மரநிழலில் கடுமையாகும்போது மூச்சு இருக்காது. முதல் 300 மீட்டரிலேயே மிக லேசான கியருக்குப் போய்விடுங்கள். செங்குத்தில் அழுத்தி மிதித்தபடி கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். ஆர்ட்னன்ஸ் சர்வே ஓஎல்45 வரைபடத்தில் ஒற்றை அம்புக்குறி 14 முதல் 20 சதவீதம், இரட்டை அம்பு அதற்கும் மேல். கிளம்புமுன் அவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். உச்சிப் புல்வெளியில் ஆண்டுதோறும் ஒருவர் முழங்காலுக்குக் கீழே மற்றவர் உதைக்கும் போட்டி நடக்கிறது. காற்சட்டைக்குள் வைக்கோல் திணித்துக்கொள்வார்கள். ஏறி முடித்த கால்களுக்கு அது தேவையே இல்லை.

அப்புறம் சிப்பிங் காம்ப்டன். கம்பளிப் பணத்தில் எழுந்த ஊர், 1627இல் கட்டிய சந்தை மண்டபத்தின் கீழே மழைக்கு ஒதுங்கலாம். காற்று வழக்கமாகத் தென்மேற்கிலிருந்து வருவதால் பிராட்வேயிலிருந்து இதுவரை பெரும்பாலும் முதுகைத் தள்ளும். வட்டத்தை மாற்றிச் சுற்றினால் அங்கே முகத்தில் அடிக்கும். பிளாக்லி வழியாக மோர்ட்டன். பிளாக்லியும் பள்ளம்தான், ஆகவே முடிந்தது என்று நினைக்கும்போது ஒரு ஏற்றம் பாக்கி இருக்கும். செவ்வாய்க்கிழமை மோர்ட்டனில் தெருச்சந்தை. அன்று காலையில் ஊருக்குள் கார் நெரிசல், ரயில் நிலையத்திலிருந்து வெளியேறவே பத்து நிமிடம் கூடுதலாக வையுங்கள்.