ஏற்காட்டுப் பனியில் ஒரு ஞாயிறு பூசை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்பு வாரங்களான திருவருகைக் காலத்தின் மூன்றாவது ஞாயிறு பூசைக்கு இந்த முறை ஏற்காடு போகலாம் என்று சொன்னது அம்மாதான். வழக்கமாக எங்களுக்கு சேலம் குழந்தை இயேசு பேராலயம்தான். ஆனால் அம்மா பிறந்து வளர்ந்தது ஏற்காட்டில், ஒரு எஸ்டேட் லைன் வீட்டில். கல்யாணமாகி சேலத்துக்கு இறங்கி வந்தவருக்கு டிசம்பர் பிறந்தாலே மலை ஞாபகம் வந்துவிடும். "பனியில நனைஞ்சு பூசைக்குப் போயி எத்தனை வருசமாச்சு கண்ணு" என்றார். சரி, போவோம் என்று விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டோம்.

அடிவாரம் தாண்டியதும் அம்மா செபமாலையை எடுத்தார். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. செபமாலையிலும் 20 மறையுண்மைகள், அதாவது செபிக்கும்போது நினைத்துக்கொள்ளும் இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்வுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு மறையுண்மையைச் சொல்லி ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்வது அம்மாவின் வழக்கம். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது மறையுண்மைகள் 15தான், கடைசி ஐந்து வளைவுகளுக்கு செத்துப்போனவர்களை நினைத்துக்கொள்வாராம். 2002-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகள் ஐந்தைச் சேர்த்தபோது, "நம்ம மலைக்குச் சரியாப் போச்சு" என்று சந்தோஷப்பட்டது எனக்கே நினைவிருக்கிறது. அன்றைக்கு மூன்றாவது வளைவில், அதாவது இயேசுவின் பிறப்பில், கீழே சேலத்து விளக்குகள் தெளிவாகத் தெரிந்தன. பதினோராவது வளைவில், பாடுகளுக்கு முன் இயேசு வேதனையோடு செபித்த கெத்சமனி தோட்டம் சொல்லும் இடத்தில், பனிமூட்டம் வந்து பஸ்ஸை மூடியது. கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினார், அம்மா துயர மறையுண்மைகள் ஐந்தையும் ஒன்றும் தெரியாத அந்த வெள்ளைக்குள்ளேயே சொல்லி முடித்தார், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குளிர் மட்டும் காரணமில்லை.

மேலே இறங்கி கோவிலுக்கு நடந்தோம். ரோடு காய்ந்து கிடக்கிறது, மழை பெய்த அடையாளமே இல்லை, ஆனால் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே மட்டும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மூடுபனி இலையில் பட்டு நீராகி, இலை நுனியில் சேர்ந்து கனம் தாங்காமல் சொட்டுவது. மரமில்லாத இடத்தில் அதே பனி சும்மா கடந்து போகிறது. அம்மா ஒரு மரத்தடியில் நின்று முக்காட்டை விலக்கி வேண்டுமென்றே தலையைக் காட்டினார். சளி பிடிக்கும் வாம்மா என்று இழுத்து வந்தேன்.

பூசையில் ஊதா மெழுகுவர்த்திகள் இரண்டோடு ரோஜா நிற மெழுகுவர்த்தியையும் ஏற்றினார்கள், திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு அல்லவா. சாமியாரின் பிரசங்கம் சின்னதுதான், ஆனால் அதைக் கேட்கத்தான் ஆண்டவர் எங்களை மலையேற்றினார் என்று நினைக்கிறேன். வெளியே உள்ள பனியைக் காட்டித்தான் தொடங்கினார். பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் உணவாகத் தந்த மன்னா வந்ததும் பனியோடுதான், காலையில் பனி மறைந்ததும் தரையில் மன்னா கிடந்தது என்கிறது விடுதலைப் பயண நூல். ஓசேயா இறைவாக்கினர் வழியாக ஆண்டவர், இஸ்ரயேலுக்கு நான் பனியைப் போல இருப்பேன் என்கிறார். அந்த நாட்டில் கோடையில் மாதக்கணக்காக மழையே இருக்காது, அப்போது செடிகொடிக்குப் பனி ஒரு ஆறுதல். அப்புறம் ஒன்று சொன்னார், இத்தனை வருடம் பூசை பார்த்தும் எனக்குத் தெரியாதது: பூசையின் நடுவே சாமியார் சொல்லும் இரண்டாம் நற்கருணை மன்றாட்டில் அப்பத்தையும் இரசத்தையும் புனிதப்படுத்தும்படி கேட்கும் இடத்தில், லத்தீன் மூலத்தில் இருக்கும் சொல் 'ரோரே', பனியால் என்று பொருள்; உமது ஆவியின் பனியால் என்றுதான் கேட்கிறோம். சத்தமில்லாமல் இறங்குவது, இறங்கியதே தெரியாது, விடிந்து பார்த்தால் எல்லாம் நனைந்திருக்கும். அன்றைக்கு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மணி அடித்ததும் எனக்கு அந்த மரத்தடிதான் கண்ணில் நின்றது. பனி எல்லாருக்கும்தான் வருகிறது, இலை விரித்து நிற்கிற இடத்தில் நீராகிறது.

சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டுக் குடிலில் பஞ்சைப் பிய்த்துப் போட்டு பனி என்போம். வாழ்த்து அட்டைகளைப் பார்த்து வந்த பழக்கம். கிறிஸ்துமஸ் பனி வேறு எங்கோ குளிர்தேசத்துப் பனி, நமக்குப் பஞ்சுதான் என்று ஒரு ஏக்கமே உண்டு. பெத்லகேமில் அந்த மாதங்கள் மழைக்காலம், மலைச்சரிவுகள் பச்சை பிடிக்கும் காலம், வெண்பனி எப்போதாவது விழுவதுதான். வேதாகமத்துப் பனி பெரும்பாலும் நம் மார்கழிப் பனி மாதிரி பனிதான் என்று தெரிந்தபோது, என் ஊர் குளிர்காலத்தையே யாரோ எனக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

பூசை முடிந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவோடு பேச்சு வளர்ந்து, அவர் வீட்டுக்கே கூட்டிப் போனார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காப்பிச் செடி, மிளகுக்கொடி ஏறிய மரங்கள். பழம் பறிக்கிற காலம். அம்மாவின் கை சும்மா இருக்குமா, செடியைப் பார்த்ததும் ஒரு கிளையை வளைத்து சிவந்த பழங்களை மட்டும் காம்பு ஒடியாமல் திருகி எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஐம்பது வருடம் ஆகியும் விரல் மறக்கவில்லை. பச்சைக்காய் ஒன்றுகூட வரவில்லை.

அப்போதுதான் அதைக் காட்டினார். பழம் இருக்கும் கணுக்களைத் தாண்டி கிளை நுனிப்பக்கம், இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில், அரிசி அளவுகூட இல்லாத பச்சை முளைகள். தடவினால் லேசாகப் பிசுபிசுத்தது. "இதுதான் வர்ற வருசத்துப் பூவு." இப்போது தூங்குகிறதாம். மழை நின்று இரண்டு மூன்று மாதம் நன்றாகக் காய வேண்டும், அந்தக் காய்ச்சல் இல்லாமல் பூ ஒழுங்காக வராது, அதற்குப் பிறகு மார்ச் ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு பத்து நாளில் செடியெல்லாம் ஒரே வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை மாதிரி வாசம் அடிக்கும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும்.

அப்பா இறந்து இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிறது. எங்கள் வீட்டில் எல்லாம் காய்ந்து போய்விட்டது என்று நான் ஜெபத்தில் அழுதிருக்கிறேன். செபிக்க உட்கார்ந்தாலும் ஒன்றும் வராது, வறண்டுபோய் எழுந்துவிடுவேன். ஒரு கிளையில் பழமும், அதே கிளையில் இன்னும் திறக்காத பூவும், அந்தப் பூவுக்கு வறட்சியும் தேவை என்று அம்மா தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். ஆண்டவர் என்னிடம் பேசினார் என்றுதான் அதை எழுதுவேன், வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

அக்காவிடம் கேட்டு ஒரு சின்னக் கிளையை ஒடித்து வந்து குடிலில் வைத்திருக்கிறோம், பஞ்சு வாங்கவில்லை. பழம் சுருங்கி கறுத்துவிட்டது. மலையில் முதல் மழை பெய்ததும் போன் பண்ணச் சொல்லி, அந்த அக்காவிடம் அம்மா தன் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.