டி3300-உம் இசட் 50-உம்: ஒரே லென்ஸில், வேலூர் வெயிலில்

கேமரா மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் பழையதை அதன் கிட் லென்ஸோடும் (கேமராவோடு சேர்த்து விற்கும் லென்ஸ்) புதியதை அதன் கிட் லென்ஸோடும் எடுத்து ஒப்பிடுகிறார்கள். அப்படிச் செய்தால் லென்ஸ்களின் வித்தியாசம்தான் தெரியும். அதனால் 2014-இல் வந்த நிக்கான் டி3300 (உள்ளே மிரர் இருக்கும் டிஎஸ்எல்ஆர்), 2019-இல் வந்த நிக்கான் இசட் 50 (மிரர் இல்லாத மிரர்லெஸ்) இரண்டிலும் ஒரே லென்ஸ்: ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மிமீ எஃப் 1.8ஜி. டி3300-இல் நேரடியாக, இசட் 50-இல் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக. அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் கிடையாது. லென்ஸ் பூட்டும் வளையமான மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை பழைய எஃப் மவுண்ட்டில் 46.5 மிமீ, இசட் மவுண்ட்டில் 16 மிமீ. மீதி 30.5 மிமீயை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அது. அபர்ச்சரை அசைக்கும் நெம்புகோலும் மின் தொடர்புகளும் உள்ளே இருக்கின்றன.

எல்லாப் படங்களும் ரா கோப்பு, அதாவது கேமரா மெருகேற்றாத மூலத் தரவு. திறந்தது ஒரே மென்பொருளில், நிக்கானே இலவசமாகத் தரும் என்எக்ஸ் ஸ்டுடியோவில். ஷார்ப்னஸ் பூஜ்யம், நாய்ஸ் குறைப்பு ஆஃப், ஒயிட் பேலன்ஸ் இரண்டுக்கும் ஒன்றே. இந்த நான்கையும் சமப்படுத்தாமல் ஜேபெக்கை ஜேபெக்கோடு வைத்தால், புதிய கேமராவின் உள்ளே நடக்கும் மெருகைப் பார்த்து ஏமாந்துபோவோம்.

கோட்டை மதிலில் காலை 7 மணி

வேலூர்க் கோட்டையின் கருங்கல் மதில் இந்தச் சோதனைக்கென்றே கட்டியது போல இருக்கிறது. பொடிப்பொடியான கல் மணிகள், இடுக்குகளில் கறுப்பு நிழல், மேலே வெளுத்த வானம், கீழே அகழி நீரில் அதன் பிரதிபலிப்பு. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். அதற்குப் பதில் ஒரு கிலோ அரிசி நிரப்பிய துணிப்பையைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, அதில் கேமராவை அழுத்தி உட்கார வைத்தால் போதும். எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250. டி3300-இல் 1/8 முதல் 1/30 வரையிலான வேகத்தைத் தவிர்க்க வேண்டும். மிரர் மேலே அடிக்கும் அதிர்வு அந்த நேரத்துக்குள்தான் படத்தில் விழும்.

டி3300-இன் படம் 6000 × 4000 பிக்சல். இசட் 50-இன் படம் 5568 × 3712. ஆம், பழைய கேமராவில்தான் பிக்சல் அதிகம், அகலத்தில் சுமார் 8 சதவீதம். நூறு சதவீதத்தில் பெரிதாக்கினால் கல்லின் மணிகள் டி3300-இல் ஒரு இழை கூடுதலாகப் பிரிகின்றன. அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 12 × 18 பிரிண்ட்டுக்கு 5400 பிக்சல் அகலம் போதும் என்பதால், லேபிலிருந்து வரும் தாளில் இந்த வித்தியாசம் இல்லை. நிழலை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) தூக்கிப் பார்த்தபோதும் எது எந்தக் கேமரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. டி3300 தருவது 12 பிட் ரா மட்டும், இசட் 50-இல் 14 பிட் உண்டு. ஆனால் ஐஎஸ்ஓ 100-இல் நிதானமாக எடுத்த படத்துக்கு அது கைகொடுக்கும் தேவையே வரவில்லை.

வித்தியாசம் வந்தது வானத்தில். டி3300-இன் ஒளி அளவீட்டுச் சென்சாரில் 420 பிக்சல்தான். ஃபோகஸ் புள்ளி கருங்கல்மேல் இருந்தால் கல்லுக்கு வெளிச்சம் கூட்டி, வானத்தை வெள்ளைத் தாளாக்கிவிடும். அதை எடுத்த பிறகு, பின்திரையில் ஹிஸ்டோகிராமை (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) திறந்தால்தான் தெரியும். எக்ஸ்போஷர் திருத்தத்தை −0.7 அல்லது −1 ஸ்டாப் வைத்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். இசட் 50-இல் ஹிஸ்டோகிராம் வியூஃபைண்டருக்குள்ளேயே ஓடுகிறது, எடுக்கும் முன்பே. அதோடு வெளிச்சமான பகுதியைக் காக்கும் ஹைலைட் அளவீடும் உண்டு. அதை வைத்தால் கல் இருண்டு வரும். ராவில் இரண்டு ஸ்டாப் தூக்கினால் கல்லும் நிற்கும், மேகமும் நிற்கும்.

குடியாத்தம் லுங்கியில் ஓடிய வண்ண அலை

டி3300-இன் சென்சார் முன்னால் நுண்ணிய விவரத்தைச் சற்றே மழுக்கும் ஆப்டிகல் லோ-பாஸ் ஃபில்டர் கிடையாது. கல்லுக்கு அது நல்லது, நெசவுக்குக் கெடுதல். குடியாத்தம் லுங்கியின் சின்னக் கட்டத்தைச் சுமார் 2 மீட்டரிலிருந்து எடுத்தால், நூலின் வரிசையும் பிக்சலின் வரிசையும் மோதி பச்சை, ஊதா அலைகள் எழும்புகின்றன. அரை அடி முன்னே பின்னே நகர்ந்தாலே குறையும். நகர முடியாவிட்டால் எஃப் 16-க்கு மூடலாம். டிஃப்ராக்‌ஷன் படத்தைக் கொஞ்சம் மழுக்கி அலையை அடக்கும். பட்டுப் புடவைக் கடைக்கோ கைத்தறிக்கோ படம் எடுப்பவர்கள் ஒவ்வொரு துணிக்கும் இரண்டு தூரத்தில் எடுத்து வைப்பது நல்லது. இசட் 50-இல் பிக்சல் அளவு வேறு என்பதால் அலை வரும் தூரமும் மாறும். இதில் ஒரு ஏமாற்று உண்டு: மின் வியூஃபைண்டரில் தெரிகிற அலையெல்லாம் கோப்பில் இருப்பதில்லை. எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தபிறகே முடிவு செய்ய வேண்டும்.

ஃபோகஸ்: பணம் போன இடம் இதுதான்

டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது படம் எடுக்கும் சென்சார் அல்ல. மிரருக்குப் பின்னால் இன்னொரு சின்ன மிரர், அது ஒளியைக் கீழே தள்ள, கேமராவின் அடியில் இருக்கும் தனி உறுப்பு அளக்கிறது. அந்தப் பாதைக்கும் சென்சாருக்கான பாதைக்கும் இம்மியளவு நீள வித்தியாசம் இருந்தாலும் எஃப் 1.8-இல் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக வரும். விலை கூடிய கேமராக்களில் இதைத் திருத்த மெனு உண்டு, டி3300-இல் இல்லை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மேசைமேல் அளவுகோலை 45 டிகிரி சாய்த்து, நடுவில் ஒரு தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, ஒன்றரை மீட்டரில் கேமராவை முக்காலியில் வைக்க வேண்டும். எஃப் 1.8. முதலில் வியூஃபைண்டர் வழியாக நடுப்புள்ளியால் தீப்பெட்டிமேல் ஃபோகஸ் செய்து ஐந்து படம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸைக் கையால் கலைத்துவிட வேண்டும். பிறகு லைவ் வியூவில் அதேபோல ஐந்து. லைவ் வியூ சென்சாரைக் கொண்டே ஃபோகஸ் செய்வதால் அது சரியாக இருக்கும். வியூஃபைண்டர் படங்கள் மட்டும் ஐந்தும் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் கேமராவிலோ அந்த லென்ஸிலோ அளவு பிசகியிருக்கிறது, சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தால் பிசகு இல்லை. அந்த உறுப்பின் துல்லியமே அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கல் கணக்கு. டி3300-இல் 11 ஃபோகஸ் புள்ளிகள், அதில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்குவகை (கிடைக்கோடு, செங்கோடு இரண்டையும் பிடிப்பது). மங்கலான வெளிச்சத்தில் நம்பத்தக்கது அது ஒன்றுதான். அதனால் நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பி ஃப்ரேம் அமைப்பது பழக்கமாகிவிடுகிறது. ஒரு மீட்டர் தூரத்தில், 35 மிமீ லென்ஸில், எஃப் 1.8-இல் மொத்தக் கூர்மை ஆழம் ஏறக்குறைய 6 செமீ: முன்னே 3, பின்னே 3. செங்குத்தாகப் பிடித்த ஃப்ரேமில் கண் மேல் விளிம்புக்கு அருகே வரும்படி 15 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணுக்கு 3.4 செமீ பின்னால் போய்விடுகிறது. கை ஆடாவிட்டாலும், லென்ஸ் சரியாக இருந்தாலும் கண் மழுங்கும். எஃப் 2.8-க்கு மூடினால் தப்பிக்கலாம், அல்லது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம்.

இசட் 50-இல் 209 புள்ளிகள் சென்சாரின்மேலேயே, ஏறக்குறைய ஃப்ரேம் முழுக்கப் பரவியிருக்கின்றன. முகம் ஃப்ரேமின் எந்த மூலையில் இருந்தாலும் கண்மேல் சின்னக் கட்டம் போய் உட்காருகிறது. பத்து வருடப் பழைய அதே 35 மிமீ லென்ஸ், எஃப் 1.8-இல் இவ்வளவு கூர்மையானதா என்று தோன்றும். லென்ஸ் எப்போதும் அப்படித்தான் இருந்தது. கவனிக்க வேண்டியது: கண் கண்டறிதல், கேமராவே ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டோ ஏரியா முறையில் மட்டும் வேலை செய்யும். ஒற்றைப் புள்ளியில் வைத்துவிட்டு, கண்ணைப் பிடிக்கவில்லை என்று மெனுவைத் துழாவ வேண்டாம். கூட்டத்தில் வேறு முகத்தைப் பிடித்துக்கொண்டால் பின்பக்கத் திசைப் பொத்தானால் அடுத்த முகத்துக்கு மாற்றலாம்.

மண்டப விளக்கு

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும். இசட் 50-இன் சத்தமில்லாத ஷட்டர் சென்சாரை வரி வரியாகப் படிப்பதால், 1/500-இல் எடுத்தால் படம் முழுக்க இருண்ட பட்டைகள். தாலி கட்டும் நேரத்தில் ‘க்ளிக்’ சத்தம் வேண்டாமே என்று அதைப் போட்டால் படம் போனது போனதுதான். மெக்கானிக்கல் ஷட்டர், 1/100 அல்லது 1/50. அதைவிட வேகம் வேண்டுமென்றால் படமெடுப்பு மெனுவில் ஃப்ளிக்கர் குறைப்பை ஆன் செய்ய வேண்டும். வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் நொடியைப் பார்த்து எடுக்கும்.

டி3300-இல் ஒயிட் பேலன்ஸைக் கெல்வின் எண்ணாக வைக்க வழியில்லை. மேடையில் மஞ்சள் பல்பும் வெள்ளை எல்இடியும் கலந்திருக்கும்போது, வெள்ளை வேட்டியைப் படம் பிடித்து ப்ரீசெட் செய்வதுதான் சரியான வழி. ஐஎஸ்ஓ 3200-இல் இசட் 50-இன் நாய்ஸ் குறைவு, ஆனால் அரை ஸ்டாப்புக்குச் சற்று மேல் என்றுதான் சொல்ல முடியும். ஐந்து வருட இடைவெளிக்கு அது பெரிய பாய்ச்சல் அல்ல.

இசட் 50-இல் வேறு கம்பெனியின் எளிய ஃப்ளாஷ் ட்ரிக்கர் மாட்டி மேனுவலில் வைத்தால் வியூஃபைண்டர் இருண்டுவிடும், எதுவும் தெரியாது. பழுது அல்ல, செட்டிங்கை லைவ் வியூவில் காட்டும் தெரிவை ஆஃப் செய்தால் சரியாகிவிடும்.

கொக்கும் மீன்கொத்தியும்

இங்கே பழையது தலைநிமிர்ந்து நிற்கிறது. ஏரிக்கரையில் கொக்கு எழும்பும் நொடியில் கண்ணாடி வியூஃபைண்டரில் தாமதம் என்பதே இல்லை. இசட் 50 வினாடிக்கு 11 படம் எடுக்கும்தான், ஆனால் அந்த வேகத்தில் வியூஃபைண்டர் எடுத்து முடித்த படத்தையே காட்டுவதால் பறவை ஃப்ரேமைவிட்டு ஓடிவிடுகிறது. 5 படம் என்ற அடுத்த வேகத்தில் தொடர்வது எளிது. இசட் 50-க்கு விலங்குக் கண் கண்டறிதல் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) 2.00-இல் வந்தது, அது நாய், பூனைக்கு. பறவை கண்டறிதல் 2024-இல் வந்த இசட் 50 இரண்டாம் பதிப்பில்தான். கரையோர நாணல் பின்னணியில் ஆட்டோ ஏரியா நாணலைப் பிடித்துக்கொள்ளும், ஒற்றைப் புள்ளியே கதி.

தூசு, வெயில், பேட்டரி

இசட் 50-இல் லென்ஸைக் கழற்றினால் சென்சார் அப்படியே திறந்து கிடக்கிறது. முன்னால் மிரரும் இல்லை, ஷட்டரும் மூடியிருப்பதில்லை. சென்சாரை அதிர வைத்துத் தூசு உதறும் வசதி டி3300-இல் உண்டு, இசட் 50-இல் இல்லை. காற்றில் பாலாற்று மணல் பறக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. கேமராவை ஆஃப் செய்து, வாய் தரையைப் பார்க்க வைத்து மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை எஃப் 22-இல், ஃபோகஸைக் கலைத்து, வெளுத்த வானத்தை எடுத்து கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் தூசெல்லாம் கறும்புள்ளியாகத் தெரியும். ரப்பர் ஊதியால் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். வாயால் ஊதினால் எச்சில் படியும். பிறகு ஈரத் துடைப்பான் வரை போக வேண்டிவரும்.

இரண்டு கேமராவுக்கும் நிக்கான் சொல்லும் இயங்கு வெப்பம் 0 முதல் 40 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் நிழலிலேயே அதைத் தாண்டும். மிரர்லெஸ்ஸில் சென்சாரும் திரையும் ஓயாமல் ஓடுவதால் சூடு சேர்ந்துகொண்டே போகும். படமில்லாத நேரத்தில் ஆஃப், லென்ஸுக்கு மூடி, மேலே ஒரு வெள்ளைத் துண்டு. மூடி இல்லாமல் சூரியனைப் பார்த்துக் கிடந்தால் சென்சார் எரியும். பின்பக்கம் சூரியனைப் பார்த்துக் கிடந்தால் வியூஃபைண்டர் திரை எரியும்.

பேட்டரி: டி3300-க்கு நிறுவனக் கணக்கு ஒரு சார்ஜுக்கு 700 படம், இசட் 50-க்கு சுமார் 300. ஜவ்வாது மலைப் பக்கம் இரண்டு நாள் போனால் பழையதற்கு ஒரு பேட்டரி போதும், புதியதற்கு மூன்று. பவர் பேங்க்கிலிருந்து யுஎஸ்பியில் ஏற்றலாம், ஆனால் கேமரா ஆஃப் ஆகியிருக்க வேண்டும்.

பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் அடாப்டர் வாங்கும் முன் பெயரைப் படிக்க வேண்டும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்றிருந்தால் ஃபோகஸ் ஓடும். 50 மிமீ எஃப் 1.8டி போன்ற ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு மோட்டார் கேமராவில் இருக்க வேண்டும். டி3300-இலும் இல்லை, எஃப்டிஇசட்டிலும் இல்லை. இரண்டிலும் கையால் திருப்ப வேண்டியதுதான்.

இப்போது இசட் 50-இல் 35 மிமீ நிரந்தரமாக மாட்டியிருக்கிறது. செட்டிங்கைச் சேமித்து வைக்கும் டயல் இடங்களில், யு1-இல் மண்டபம்: மேனுவல், 1/100, எஃப் 2, ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சம் 6400, ஆட்டோ ஏரியா. யு2-இல் கோட்டை: எஃப் 8, ஹைலைட் அளவீடு. டி3300-இல் ஏஎஃப்-பி 70-300. அதற்கு ஃபர்ம்வேரை 1.01 ஆக்க வேண்டியிருந்தது. ஏரிக்கரைக்கு அதுதான் போகிறது.